டான்யூப் கரையில் ஒரு நவம்பர் ஞாயிறு

அணுவா, ஆறா, காற்றா? – வரலாற்றுத் தொடர் – பகுதி 9

1976 செப்டம்பரில் ஸ்வீடன் தேர்தலில் ஓலோஃப் பால்மே தோற்ற கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 44 ஆண்டுகள் அந்த நாட்டின் அரசியலைத் தன் பிடியில் வைத்திருந்த சமூக ஜனநாயகக் கட்சி ஆட்சியை இழந்தது. அதை வீழ்த்தியவர் தோர்ப்யோர்ன் ஃபால்டின், ஆட்டுப்பண்ணை நடத்திய விவசாயி. தேர்தல் மேடைகளில் அவர் விடாமல் பேசிய விஷயம் ஒன்று உண்டு. அணு உலைகள் வேண்டாம் என்பதுதான் அது.

அந்தத் தோல்வியை வியன்னாவில் இருந்தபடி ஒருவர் கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். அவர் பால்மேயின் நெருங்கிய நண்பர். ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய காலத்தில் தாய்நாட்டை விட்டுத் தப்பி, ஸ்வீடனில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தவர். 1970 முதல் ஆஸ்திரியாவின் சான்சலர். பெயர் புருனோ கிரைஸ்கி.

அவருடைய நாட்டிலும் அப்போது ஓர் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது.

★ ★ ★

ஆற்றங்கரைக் கட்டடம்

வியன்னாவிலிருந்து டான்யூப் ஆற்றை எதிர்த்து மேற்கே போனால், சுமார் 50 கிலோமீட்டரில் ஸ்வென்டன்டார்ஃப் வரும். சமவெளியில் அமைந்த விவசாய ஊர். ஆற்றங்கரையில் சாம்பல் நிறக் கான்கிரீட் கட்டடம் ஒன்றும், அதன் பக்கத்தில் 110 மீட்டர் உயரப் புகைபோக்கியும் நிற்கின்றன. ஆஸ்திரியாவின் முதல் அணுமின் நிலையம் அதுதான். கடைசியும் அதுதான்.

இந்த நாட்டுக்கு அணு எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆல்ப்ஸ் மலையின் பனி உருகி ஓடும் ஆறுகள் அங்கே ஏராளம். போரில் சிதைந்த ஆஸ்திரியா மீண்டும் எழுந்து நின்றதன் அடையாளமாக அந்நாட்டு மக்கள் பெருமையோடு காட்டுவது காப்ரூன் மலை அணைகளைத்தான். மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஆறுகளே கொடுத்தன.

ஆனால் குளிர்காலத்தில் ஆறுகள் மெலிந்துவிடும். மலைமேல் விழும் தண்ணீர் பனியாகவே உறைந்து கிடக்கும். விளக்கும் வெப்பமும் அதிகம் தேவைப்படும் மாதங்களில்தான் நீர்மின்சாரம் குறையும். அதோடு, பத்தாண்டுக்கு ஒருமுறை மின் தேவை இரட்டிப்பாகும் என்பது அன்றைய மின்வாரியங்களின் கணக்கு. அந்தக் கணக்கின் மேல்தான் உலை கட்டப்பட்டது.

1969இல் மக்கள் கட்சி ஆட்சியில் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. கிரைஸ்கியின் சோஷலிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததும் அதை அப்படியே தொடர்ந்தார்கள். இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே பக்கம். தொழிலதிபர்களும் தொழிற்சங்கங்களும் ஒரே பக்கம். இப்படியொரு ஒற்றுமை ஆஸ்திரிய அரசியலில்கூட அபூர்வம்.

1972 ஏப்ரல் 4 அன்று கட்டுமானம் தொடங்கியது. பன்னிரண்டே நாளில், ஏப்ரல் 16 அன்று, கிழக்கு ஆஸ்திரியாவில் நிலம் நடுங்கியது. புதிதாகப் போட்ட அஸ்திவாரம் சேதமாகி, மீண்டும் போட வேண்டியிருந்தது. அதைப் பெரிய சகுனமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வேலை நடந்தது. ஜெர்மன் வடிவமைப்பு. உலைக்குள்ளேயே தண்ணீர் கொதித்து, அந்த நீராவி நேரே டர்பைனுக்குப் போகும் வகை. சுமார் 700 மெகாவாட். இது முடிந்ததும் இன்னும் இரண்டு நிலையங்கள் கட்ட உத்தேசம் இருந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு எல்லாம் சுமுகமாகவே போனது. பிறகு அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. எதிர்ப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் முயன்றும் எட்டாத இடத்துக்கு அவர்களை அது கொண்டுபோய்ச் சேர்த்தது.

★ ★ ★

விளக்கக் கூட்டங்கள்

1976 இலையுதிர் காலம். இரண்டாவது நிலையத்துக்குக் குறிக்கப்பட்ட இடத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் ஏற்கெனவே முணுமுணுப்பு எழுந்து, அந்தத் திட்டம் தள்ளிப்போடப்பட்டிருந்தது. மக்களுக்கு விஷயம் தெரியாததால்தான் பயப்படுகிறார்கள், விளக்கிச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள் என்று அரசு நம்பியது.

வியன்னாவில் தொடங்கி நகரம் நகரமாகப் பொதுக்கூட்டங்கள் ஏற்பாடாயின. மேடையில் ஆதரிக்கும் விஞ்ஞானிகளும் இருப்பார்கள், எதிர்க்கும் விஞ்ஞானிகளும் இருப்பார்கள். இருவரும் வாதாடுவார்கள். மக்கள் கேட்டுத் தெளிவார்கள். திட்டம் இவ்வளவுதான்.

இது நேர்மையான முயற்சி என்றே நான் கருதுகிறேன். அணு ஆற்றல் பற்றி எதிர்த் தரப்பு நிபுணர்களையும் அரசே அழைத்து மேடையேற்றுவது அன்றைய ஐரோப்பாவில் சாதாரண விஷயம் இல்லை. பல நாடுகளில் தடியடிதான் நடந்துகொண்டிருந்தது.

ஆனால் நடந்தது வேறு. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே இயற்பியல் படித்த இரண்டு பேராசிரியர்கள், குறைந்த அளவுக் கதிர்வீச்சால் புற்றுநோய் வருமா என்ற கேள்விக்கு நேர் எதிரான பதில் சொல்வதை மக்கள் முதன்முறையாகக் கண்ணால் பார்த்தார்கள். கழிவை எங்கே வைப்பீர்கள் என்று கூட்டத்திலிருந்து யாராவது எழுந்து கேட்டால், அரசுத் தரப்பிடம் ஊர்ப்பெயர் சொல்லும் பதில் இல்லை. சில கூட்டங்கள் கூச்சலில் முடிந்தன.

நிபுணர்களுக்குள்ளேயே ஒப்புதல் இல்லை என்பது தெரிந்துபோனது. அதுவரை தனித்தனியாகக் கிடந்த எதிர்ப்பாளர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டதும் இந்தக் கூட்டங்களின் வாசலில்தான்.

அவர்கள் யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கதிர்வீச்சின் தீங்கைப் பற்றி எழுதிய உயிரியலாளர் பீட்டர் வைஷ். இந்த நிலம் உலைக்குத் தகுந்தது இல்லை என்று வாதிட்ட வியன்னாப் பல்கலைக்கழக நிலவியலாளர் அலெக்ஸாண்டர் டோல்மன். பின்னாளில் பசுமைக் கட்சியின் முகமாகப் போகிற ஃப்ரேடா மைஸ்னர்-ப்ளௌ. மாவோயிஸ்டு மாணவர்கள், கத்தோலிக்கக் குடும்பத் தலைவிகள், காடு காக்கப் பாடுபட்ட பழைமைவாதிகள், திராட்சைத் தோட்டக்காரர்கள். வேறு எந்த விஷயத்திலும் ஒரே அறையில் உட்கார முடியாதவர்கள் இதில் மட்டும் ஒன்றாக நின்றார்கள்.

1977 ஜூனில் ஸ்வென்டன்டார்ஃப் வாசலுக்கே ஆயிரக்கணக்கில் ஊர்வலம் வந்தது.

★ ★ ★

வானத்தில் வந்த எரிபொருள்

1978 ஜனவரி. உலை தயார். எரிபொருள் கோல்கள் வந்து சேர வேண்டும். சாலை வழியாகக் கொண்டுவந்தால் மறியல் நடக்கலாம். அதனால் ராணுவ ஹெலிகாப்டர்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஸ்வென்டன்டார்ஃபில் இறக்கின.

பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் வயலில் நின்று அண்ணாந்து பார்த்த விவசாயிக்கு அது என்ன சொல்லியிருக்கும்? ஆபத்தே இல்லாத பொருளை ஏன் ராணுவம் வானத்தில் தூக்கிப் போகிறது?

கோல்கள் நிலையத்துக்குள் பத்திரமாக வைக்கப்பட்டன. உலைக்குள் இறக்கப்படவில்லை. இயக்குவதற்கு உரிமம் வேண்டும். உரிமத்துக்கு முன்னால் கழிவுக்கு வழி சொல்ல வேண்டும்.

கழிவு விஷயத்தில்தான் அரசு திணறியது. எகிப்து உள்ளிட்ட வெளிநாடுகளின் பெயர்கள் அடிபட்டன. உள்நாட்டில் வடக்கே இருக்கும் வால்ட்ஃபியர்டெல் காட்டுப் பகுதியின் பெயர் கசிந்ததும் அங்கே கொதிப்பு கிளம்பியது. பல்லாயிரம் ஆண்டு நஞ்சாகவே இருக்கப்போகும் பொருளுக்கு இடம் தேடும் வேலையை, உலையைக் கட்டி முடித்த பிறகு தொடங்கினார்கள். இதை எப்படி யோசித்துப் பார்த்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. கிணறு வெட்டும் முன் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற வழக்கம்கூட இங்கே பின்பற்றப்படவில்லை.

★ ★ ★

கிரைஸ்கியின் கணக்கு

கிரைஸ்கிக்கு நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இருந்தது. நினைத்திருந்தால் தன் கட்சி வாக்குகளை வைத்தே உலையைத் திறந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்ய விரும்பவில்லை. எதிர்க்கட்சியும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்.

எதிர்க்கட்சி நழுவியது. ஜோசஃப் டவுஸ் தலைமையிலான மக்கள் கட்சி, திட்டத்துக்கு முதலில் ஒப்புதல் கொடுத்த அதே கட்சி, பாதுகாப்புக் கேள்விகள் தீரவில்லை என்று இப்போது சொல்லத் தொடங்கியது. உலை வேண்டும் என்று நெருக்கிய தொழிலதிபர்கள் அந்தக் கட்சியின் இயல்பான ஆதரவாளர்கள். அவர்களே திகைத்துப்போனார்கள்.

சோஷலிஸ்டு வீட்டிலும் பிளவு. தொழிற்சங்கத் தலைவர் ஆன்டன் பென்யா உலையை உறுதியாக ஆதரித்தார். வேலைவாய்ப்பும் வளர்ச்சியும் மின்சாரத்தில்தான் இருக்கிறது என்பது அவர் தரப்பு. கட்சியின் இளைஞர்கள் எதிர்த்தார்கள். சான்சலரின் சொந்த மகன் பீட்டர் கிரைஸ்கியே எதிர் முகாமில் நின்றார்.

1979இல் பொதுத் தேர்தல். பால்மேயின் கதி கிரைஸ்கியின் நினைவில் இருந்திருக்கும். இந்த விஷயம் தேர்தல் களத்துக்குள் வந்தால் கட்சியை இரண்டாகப் பிளந்துவிடும். அதற்கு முன்பே தீர்த்துவிட ஒரு வழி இருந்தது. மக்களையே கேட்டுவிடுவது.

1978 ஜூன் 28 அன்று நாடாளுமன்றம், ஸ்வென்டன்டார்ஃபை இயக்குவதற்கான சட்டத்தை நிறைவேற்றி, அதை மக்கள் வாக்குக்கு விடத் தீர்மானித்தது. போருக்குப் பிந்தைய ஆஸ்திரியக் குடியரசில் நாடு தழுவிய பொதுவாக்கெடுப்பு அதற்கு முன் ஒன்றுகூட நடந்ததில்லை. நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

வெற்றி நிச்சயம் என்றே பலரும் நினைத்தார்கள். அரசு, தொழிற்சங்கம், மின்வாரியங்கள், தொழிலதிபர்கள் எல்லோரும் 'ஆம்' பக்கம். விளம்பரத்துக்குப் பணம் தாராளமாக இருந்தது. எதிர்ப்பக்கம் கையால் எழுதிய தட்டிகளும் வீடு வீடாகப் போகும் தாய்மார்களும்.

இடையில் அக்டோபர் தொடக்கத்தில் ஸ்வீடனிலிருந்து ஒரு செய்தி வந்தது. அணு எதிர்ப்பால் ஆட்சிக்கு வந்த ஃபால்டினின் கூட்டணி, அதே அணுப் பிரச்சினையில் உடைந்து, அவர் பதவி விலகினார். இந்த விஷயம் ஆதரித்தவரையும் கவிழ்த்தது, எதிர்த்தவரையும் கவிழ்த்தது.

பிறகு, வாக்கெடுப்பு நெருங்கிய நாட்களில், கிரைஸ்கி ஒரு வார்த்தை விட்டார்.

தோற்றால் தான் பதவியில் தொடர்வது சந்தேகமே என்று பொருள்படும்படி அவர் பேசினார். கட்சிக்காரர்கள் பதறி ஓடிவந்து 'ஆம்' போடுவார்கள் என்பது எதிர்பார்ப்பாக இருக்கலாம். மக்கள் கட்சி ஆதரவாளர்கள் காதில் அது வேறுவிதமாக விழுந்தது. எட்டு ஆண்டுகளாகத் தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்துவரும் கிரைஸ்கியை வீட்டுக்கு அனுப்ப ஒரு சீட்டு போதும் என்றால், அணுவைப் பற்றி அக்கறையே இல்லாதவரும் வந்து 'இல்லை' போடுவார்தானே?

உலையைப் பற்றிய கேள்வி ஒரு மனிதரைப் பற்றிய கேள்வியாக மாறியது. என் பார்வையில் திருப்புமுனை இதுதான். வாக்குச் சீட்டில் அச்சிட்டிருந்ததும் வாக்காளர் மனதில் ஓடியதும் இரண்டாகப் பிரிந்துவிட்டன.

★ ★ ★

நவம்பர் 5

ஞாயிறு மாலை எண்ணிக்கை தொடங்கியது.

கிழக்கே நம்பிக்கை தரும் முடிவுகள். வியன்னாவில் 'ஆம்' முந்தியது. புர்கன்லாந்தும் 'ஆம்'. உலை நிற்கும் கீழ் ஆஸ்திரிய மாகாணத்திலும் 'ஆம்' மயிரிழையில் முன்னால் நின்றது.

மேற்கிலிருந்து வந்த எண்கள் கதையை மாற்றின. சால்ஸ்புர்க், மேல் ஆஸ்திரியா, டிரோல் எல்லாம் 'இல்லை'. கடைசியாக நாட்டின் மேற்கு நுனியில் ஃபோராரல்பெர்க் மாகாணம். அங்கே 'இல்லை' 84 விழுக்காட்டைத் தாண்டியது.

ஸ்வென்டன்டார்ஃபிலிருந்து இவ்வளவு தொலைவில் இருக்கும் மக்களுக்கு ஏன் இத்தனை கோபம்? காரணம் ரைன் ஆற்றின் அக்கரையில் இருந்தது. ஃபோராரல்பெர்கை ஒட்டிய ரூத்தி என்ற இடத்தில் ஸ்விட்சர்லாந்து ஓர் அணுமின் நிலையம் கட்டத் திட்டமிட்டிருந்தது. அதை எதிர்த்து ஃபோராரல்பெர்க் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடியிருந்தார்கள். கதிர்வீச்சு, கழிவு, காற்றின் திசை எல்லாம் அங்கே வீட்டுத் திண்ணைப் பேச்சாகவே ஆகியிருந்தது. வியன்னாவிலிருந்து விளக்கம் சொல்ல யாரும் போகத் தேவையிருக்கவில்லை. அக்கரைக்கு வேண்டாம் என்றவர்கள் தங்கள் நாட்டுக்கு மட்டும் வேண்டும் என்று சொல்வார்களா?

இறுதிக் கணக்கு இது. 'ஆம்' 15 லட்சத்து 77 ஆயிரம் வாக்குகள் அளவில், 49.53 விழுக்காடு. 'இல்லை' 16 லட்சத்து 6 ஆயிரம் அளவில், 50.47 விழுக்காடு. வித்தியாசம் முப்பதாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. வாக்குரிமை உள்ளவர்களில் 64 விழுக்காட்டினர் வாக்களித்திருந்தார்கள்.

முழுதாகக் கட்டி, ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, எரிபொருளும் உள்ளே வந்துவிட்ட ஓர் அணுமின் நிலையத்தை ஒரு நாட்டின் மக்கள் வாக்குச் சீட்டால் நிறுத்தினார்கள்.

கிரைஸ்கி முடிவை ஏற்றார். மறுவாக்கெடுப்பு, சட்டத்தில் சந்து பொந்து என்று எதையும் அவர் தேடவில்லை. இதற்காக அவரை மதிக்கிறேன். கேள்வி கேட்ட விதத்தில் எத்தனை கோளாறு இருந்தாலும், பிடிக்காத பதில் வந்தபோது அதற்குத் தலைவணங்கினார்.

அவர் பதவி விலகவும் இல்லை. சில நாட்களில் கட்சித் தலைமை கூடி முழு அதிகாரத்தையும் அவரிடமே கொடுத்தது. டிசம்பர் 15 அன்று, ஆஸ்திரியாவில் அணுவைப் பிளந்து மின்சாரம் எடுப்பதைத் தடுக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. ஆறு வாரத்துக்கு முன் 'ஆம்' கேட்டு ஊரெல்லாம் சுற்றியவர்களும் கை தூக்கினார்கள்.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் உலையில் விபத்து. மே மாதம் ஆஸ்திரியாவில் பொதுத் தேர்தல். கிரைஸ்கியை வீழ்த்த 'இல்லை' போட்டவர்கள் கண்டது இதுதான்: 51 விழுக்காடு வாக்குகளோடு, தன் வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றியை அவர் பெற்றார். அணுப் பிரச்சினையைத் தேர்தல் களத்திலிருந்து அகற்ற வேண்டும் என்ற பழைய கணக்கு, தோல்வியின் வழியாகவே பலித்தது.

★ ★ ★

இனி என்ன?

வாக்குச் சீட்டில் இல்லாத கேள்வி ஒன்று இருந்தது. உலை இல்லையென்றால் அதன் இடத்தில் எது?

எதிர்ப்பாளர்களில் பலர் சிக்கனத்தைப் பற்றியும் சூரியனைப் பற்றியும் பேசியிருந்தார்கள். அவர்கள் பேச்சில் உண்மை இருந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை தேவை இரட்டிப்பாகும் என்ற கணக்கு பின்னர் பொய்த்துப்போனது. ஆனால் 1978இல் ஒரு நகரத்துக்கு மின்சாரம் கொடுக்கக்கூடிய சூரியத் தகடுகளோ காற்றாலைகளோ எந்த நாட்டிடமும் இல்லை. மின்வாரியங்கள் காத்திருக்கவும் தயாராக இல்லை.

ஸ்வென்டன்டார்ஃபிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ட்யூர்ன்ரோரில், 1980களில் நிலக்கரி மின் நிலையம் எழுந்தது. அணுமின்சாரத்தைக் கொண்டுபோக இழுத்த கம்பிகள் கரி மின்சாரத்தைக் கொண்டுபோயின. அணு வேண்டாம் என்றவர்கள் யாரும் புகையை வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்கும் வாய்ப்பும் அவர்களுக்குத் தரப்படவில்லை. 2019 வரை அங்கே கரி எரிந்தது.

உலையையும் உடனே கைவிட்டுவிடவில்லை. என்றாவது மனம் மாறும் என்ற நம்பிக்கையில் ஆட்களை வைத்து, எண்ணெய் போட்டு, ஓடாத இயந்திரத்தை 1985 வரை பராமரித்தார்கள். எல்லாம் சேர்த்துச் செலவு சுமார் 1,400 கோடி ஷில்லிங். 1980இல் உலையைத் திறக்கச் சொல்லி நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். திறக்காதே என்ற மனுவில் சேர்ந்த கையெழுத்துகள் அதில் பாதிகூட இல்லை.

இன்னொரு பதிலும் மின்துறையிடம் தயாராக இருந்தது. பழகிய பதில். ஆறு.

டான்யூபில் அணைக்கு மேல் அணையாக ஒரு சங்கிலியே உருவாகிக்கொண்டிருந்தது. அதில் மிச்சமிருந்த பெரிய கண்ணி வியன்னாவுக்குக் கிழக்கே, செக்கோஸ்லோவாகிய எல்லையை ஒட்டிய ஹைன்புர்கில். புகை கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, பல்லாயிரம் ஆண்டுக் கழிவும் கிடையாது. மக்கள் கேட்ட மாற்று இதுதானே என்று மின்துறையும் தொழிற்சங்கங்களும் நம்பின. அணை நீர் மூழ்கடிக்க இருந்த இடத்தில், வெள்ளம் வந்து வந்து போய் வளர்த்த ஆற்றங்கரைக் காடு நின்றது. மத்திய ஐரோப்பாவில் அந்த அளவில் மிஞ்சிய ஒரு சிலவற்றில் ஒன்று.

1984 டிசம்பரில், உறைய வைக்கும் குளிரில், மரம் வெட்டும் ஆட்கள் அந்தக் காட்டுக்குப் போனபோது ஆயிரக்கணக்கானோர் கூடாரம் அடித்து அவர்களை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் ஸ்வென்டன்டார்ஃபுக்கு 'இல்லை' சொன்னவர்கள்.

அணுவும் வேண்டாம், அணையும் வேண்டாம் என்று அந்தக் காட்டில் நின்றவர்களிடம் அரசு எப்படி நடந்துகொண்டது?

(அடுத்த வாரம்)